அரைப்பேர்

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக நானும் என் வீட்டுக்காரியும் இங்கிலாந்து போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தோம். லண்டன் பாலம், ராணி அரண்மனை, மெழுகு பொம்மைக் கதையெல்லாம் எழுத மாட்டேன், அதை எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகளின் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் கேட்ட ஒரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் தெரியாமல் நான் முழித்தது, திரும்பி வந்து கம்பம் பக்கத்துக் கூடலூரில் என் பெரியத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, இவ்வளவுதான் இந்தப் பதிவு.

மகள் சர்ரே பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே எங்கு திரும்பினாலும் மலையாளப் பெண்கள், இவளும் சரளமாக மலையாளம் பேசுவதால் இவளைக் கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்காரி என்றே நினைத்திருக்கிறார்கள். பாதி சரிதான். எங்கள் கடையில் உரம் வாங்குகிற ஏலத்தோட்டக்காரர்களில் பாதிப்பேர் மலைக்கு மேலே இருக்கிறவர்கள். கடையில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடியும், யாருக்கும் அது வித்தியாசமாகப் படாது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போகிறவனுக்கு அந்த ஊரில் ஒரு கோயில் உண்டென்றால் அது ஃப்ரிம்லியில் இருக்கிற செயின்ட் பீட்டர் சர்ச்சின் கல்லறைத் தோட்டம்தான். பென்னிகுக்கை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்கே போய்க் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினியர் அவர். திருவிதாங்கூர் மகாராஜாவோடு 1886இல் குத்தகைப் பத்திரம் போட்டார்கள், 999 வருஷத்துக்கு, 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய். அடுத்த வருஷம் வேலை தொடங்கி 1895இல் முடிந்தது. எங்கள் பக்கம் இரண்டு போகம் நெல் விளைகிறது, திராட்சைப் பந்தல் காய்க்கிறது என்றால் அந்தத் தண்ணீரால்தான். அவர் பிறந்த ஜனவரி 15ஆம் தேதி பாலார்பட்டியில் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். டீக்கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கும். அணையில் வேலை பார்த்த லோகன் என்கிற இன்னொரு இன்ஜினியரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள், என் வகுப்பில் மட்டும் இரண்டு லோகன்துரை. சொந்தச் சொத்தை விற்று பென்னிகுக் அணை கட்டினார் என்று சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. அதற்கு ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட யாரும் காட்டி நான் பார்த்ததில்லை, ஆனால் கூடலூரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, கடையை நடத்த வேண்டாமா.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். எழுபத்தெட்டு வயது, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரி கடையில் வாங்கிய செவ்வந்திப் பூவைக் கல்லறை மேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்துக் கல்லில் வைக்கப் போனாள். மகள் 'அம்மா, இங்கெல்லாம் வேண்டாம்' என்று கையைப் பிடித்தாள். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'உங்களுக்குச் சொந்தமா?' என்று கேட்டார். நான் அணைக் கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பிக்க, மகள் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். கடைசியில் நான் கொஞ்சம் பெருமையாகவே, 'எங்கள் ஆட்களும் அந்த அணை கட்ட வந்தவர்கள்தான்' என்றேன். வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவருவது அது.

'அப்படியா! அவர் பெயர் என்ன?'

இதற்கு மகள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பதில்தான் வரவில்லை. அப்பா பெயர் தெரியும், தாத்தா பெயர் தெரியும். அதற்கு மேலே பூட்டன், அதற்கும் மேலே ஓட்டன், அவ்வளவுதான். முறையைச் சொன்னால் போதும் என்றே வளர்ந்துவிட்டோம். இன்ஜினியரின் கல்லறைக்குப் பூ கொண்டுபோனவனுக்கு, அதே வேலையில் கல் சுமந்த சொந்தப் பாட்டனின் பெயர் தெரியவில்லை. பெரியவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை, 'சரி, அடுத்த சனிக்கிழமை என் ஊரைப் பார்க்க வாருங்கள்' என்றார், அவ்வளவுதான்.

அவர் ஊர் என்றால் அவர் பிறந்த ஊர் இல்லை. அவருடைய அப்பாவுக்குத் தாத்தா காலம்வரை குடும்பம் இருந்த ஊர், டார்செட் கவுண்டியில் ஒரு சின்னக் கிராமம். பெயரை எழுதவில்லை, அது அவர் வீட்டுக் கதை. காரில் இரண்டரை மணி நேரம். வீட்டுக்காரி புளியோதரையும் வற்றலும் கட்டிக்கொண்டாள். அவர் வழியில் ஒரு கையால் ஸ்டியரிங்கும் ஒரு கையால் புளியோதரையுமாக ஓட்டியது பஸ் டிரைவர் என்பதற்கு அத்தாட்சி.

போகிற வழியில் டால்பட்டில் என்ற ஊரில் நிறுத்தினார். 1834இல் கூலி உயர்வுக்காகச் சங்கம் சேர்ந்ததற்கு அந்த ஊர் விவசாயக் கூலிகள் ஆறு பேரை ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்களாம். வாரக்கூலி ஏழு ஷில்லிங்காக இறங்கி, ஆறாக ஆகப்போகிறது என்ற நேரம். சங்கம் சேர்வது அப்போது குற்றமில்லை, அதனால் ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று வேறு சட்டத்தைத் தேடிப் பிடித்துத் தண்டித்தார்கள். ஊரே கொதித்து எட்டு லட்சம் கையெழுத்தோடு மனு போனது, இரண்டு வருஷத்தில் மன்னிப்பு வந்தது. திரும்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு கனடாவுக்குப் போய்விட, ஜேம்ஸ் ஹாமெட் என்பவர் மட்டும் சொந்த ஊரோடு இருந்து, கடைசியில் டார்செஸ்டரில் ஏழைகளை அடைக்கிற விடுதியில் 1891இல் செத்துப்போனார். அவருக்குக் கல்லறைக்கல் நட்டது 1934இல். அவர்கள் கூடிப் பேசிய மரம் இன்னும் இருக்கிறது, அதன் அடியில் நின்று நாங்கள் போட்டோ எடுத்துக்கொண்டோம். வெள்ளைக்காரன் என்றாலே துரை என்று பழகிய எங்களுக்கு, வெள்ளைக்காரனிலும் நம்மைப் போலக் கூலிக்கு மாரடித்தவன்தான் அதிகம் என்பது அந்த மரத்தடியில்தான் உறைத்தது. பீர்மேட்டிலும் மூணாறிலும் நாம் பார்த்ததெல்லாம் மேலே இருந்தவனை மட்டும்தானே.

பெரியவரின் ஆட்களும் கூலிகள்தான். மடியில் ஒரு தடித்த ஃபைல் கொடுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். சர்ச் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்கள். 1538இல் எட்டாம் ஹென்றி ராஜாவின் மந்திரி தாமஸ் கிராம்வெல் ஒரு உத்தரவு போட்டிருக்கிறார்: ஒவ்வொரு ஊர்ப் பாதிரியாரும் தன் சர்ச் எல்லையில் நடக்கிற ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் வாராவாரம் நோட்டில் எழுத வேண்டும், அந்த நோட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பேர் எழுதினால் அடுத்து வரி வரும் என்று ஜனங்கள் பயந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் தாளில் எழுதியதைத் தோலில் பிரதி எடுக்கச் சொல்லி 1598 வாக்கில் இன்னொரு உத்தரவு வந்தது, எலிசபெத் ராணி பட்டமேறிய 1558இலிருந்து எழுதினால்கூடப் போதும் என்பதுபோல அதில் ஒரு சலுகை, எழுதுகிறவனுக்குச் சோம்பல் இருக்காதா, அதனால் பல ஊர்ப் பதிவேடு 1558இல்தான் தொடங்குகிறது.

அந்தப் பயம் ஒருநாள் பலிக்கவும் செய்தது. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள், பரம ஏழைக்கு மட்டும் விலக்கு. பெரியவரின் பாட்டன் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில், அந்த வருஷங்களில், ஏழை என்பதற்கு அடையாளமாக ஒரு 'பி' எழுத்து இருந்தது. 'இதை எழுதும்போது அவர் சந்தோஷப்பட்டிருப்பார்' என்று சிரித்தார். எனக்கு நம் ஊரில் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று எழுதிக்கொள்ள ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்கள் ஞாபகம் வந்தது. பதினொரு வருஷம் கழித்து அந்த வரியை எடுத்துவிட்டார்களாம்.

இன்னொரு தாளில் 1760களில் நடந்த ஒரு கல்யாணம். 1754இலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம், எழுதத் தெரியாதவர்கள் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். இரண்டு பெருக்கல் குறிகள், பக்கத்தில் பாதிரியாரின் அழகான எழுத்தில் அவர்கள் பெயர்கள். மாப்பிள்ளையின் குறி நேராக இருந்தது, பெண்ணின் குறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மை திட்டாக நின்றிருந்தது. பேனாவை அன்றைக்குத்தான் முதல் தடவை பிடித்திருப்பாள். பெரியவர் அந்த மைத்திட்டை விரலால் தொட்டுக் காட்டினார். அது வெறும் ஜெராக்ஸ் என்பது இரண்டு பேருக்குமே மறந்துபோய்விட்டது.

அப்புறம் ஜனத்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள். 1841இலிருந்து வீடு வீடாகப் பெயரோடு இருக்கிறது, நூறு வருஷம் கழிந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1921இல் எடுத்தது 2022 ஜனவரியில் வெளிவந்தபோது இவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாராம். 1931இல் எடுத்ததெல்லாம் பிறகு தீயில் போய்விட்டது. ஒவ்வொரு தாளிலும் இவருடைய ஆட்களின் தொழில் என்ற இடத்தில் ஒரே சுருக்கம்தான், விவசாயக் கூலி என்பதை இங்கிலீஷில் இரண்டு துண்டாக வெட்டி 'ஆக் லாப்' என்று எழுதியிருக்கிறார்கள். அப்பன் ஆக் லாப், மகன் ஆக் லாப், பதினோரு வயதுப் பேரன் ஆக் லாப். 1841 கணக்கெடுப்பில் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்களாம், முப்பத்து நாலு என்றால் முப்பது. இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் வைத்த ஜூன் மாதப் பிறந்தநாளைத்தான் எங்கள் செட்டில் பாதிப்பேர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

கிராமம் அழகுதான், மறுக்கவில்லை. ஓடை, கல் பாலம், வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள். நம் ஊரில் கூரை வீடு என்றால் இல்லாதவன் வீடு, அங்கே அது இப்போது கோடீஸ்வரன் வீடு. இவருடைய பாட்டன் எட்டுப் பிள்ளைகளோடு இருந்த இரண்டு ரூம் கூலி வீட்டை லண்டன்காரர் ஒருவர் வாங்கி லீவுக்கு மட்டும் வந்து தங்குகிறாராம். பெரியவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, 'என் பென்ஷனில் இந்தக் கதவின் கைப்பிடியைக்கூட வாங்க முடியாது' என்றார். மூணாறில் தோட்டக் கூலிகள் இருந்த வரிசை வீட்டை, அதாவது லயத்தைப் புதுப்பித்து ஒரு ராத்திரிக்கு எட்டாயிரம் வாங்குகிறவர்கள் உண்டு, அதுவும் இதே கதைதான்.

சர்ச்சுக்குப் பின்னால் பெரிய யூ மரம், அதைச் சுற்றிக் கல்லறைகள், பாசி படிந்து எழுத்தே தெரியாத கற்கள். இவர் எந்தக் கல்லின் முன்னாலும் நிற்கவில்லை. கல் நட்டவர்கள் பண்ணைக்காரர்களும் பாதிரியார்களும்தான். கூலிகளைப் புதைத்த இடத்தில் புல்தான், ஒரு தலைமுறை போனதும் அதே குழியில் இன்னொருவர். வடக்குப் பக்கச் சுவரோரம் போய் நின்று, 'இங்கேதான் எங்கேயோ இருபத்து மூன்று பேர்' என்றார். இடம் தெரியாது, ஆனால் இருபத்து மூன்று பேரின் பெயரும் அடக்கம் செய்த தேதியும் ஃபைலில் இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரி மறுபடியும் கைப்பையைத் திறந்தாள், இந்தத் தடவை மகள் தடுக்கவில்லை, கொஞ்சம் குங்குமம் புல்லில் விழுந்தது.

சர்ச் வாசலில் முதல் உலகப் போரில் செத்தவர்களின் நினைவுக்கல். அவ்வளவு சின்ன ஊரில் பதினேழு பெயர், அகர வரிசையில், அதிகாரியென்றும் சிப்பாயென்றும் பிரிக்காமல். தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் அதே போருக்கு வெள்ளைக்காரன் வைத்த கல்வெட்டு உண்டு. நான் பார்த்ததில் இருப்பது இப்படித்தான்: இந்தக் கிராமத்திலிருந்து போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர். எண்ணிக்கை மட்டும்தான். செத்தவன் எந்தத் தெரு, யார் மகன், ஒன்றும் கிடையாது. திரும்பி வரும்போது காரில் நான் யோசித்ததெல்லாம் அதைத்தான். அவர்கள் நாட்டுக் கூலிக்கு நோட்டில் முழுசாக ஒரு வரி கொடுத்தவர்கள், இங்கே வந்ததும் தலையை மட்டும் எண்ணினார்கள். மெட்ராஸ் மாகாணத்திலிருந்த வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் வருஷாவருஷம் நகல் எடுத்துக் கப்பலில் லண்டனுக்குப் போயிருக்கிறது, இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதே மலையில், அதே காய்ச்சலில், அதே காலராவில் செத்த எங்கள் ஆட்கள் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை.

சரி, கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. ஊருக்கு வந்ததும் பெரியத்தையிடம் போனேன். அப்பாவுக்கு மூத்தவள், எண்பத்தெட்டு வயது, காது மட்டும் கொஞ்சம் மந்தம், மற்றபடி அவள் வாய்க்கு முன்னால் நிற்க இன்றைக்கும் ஆள் கிடையாது. போனை ரெக்கார்டில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, 'அத்தை, பூட்டன் பேரு என்ன?' என்றேன்.

'ஏன்டா, வெள்ளக்காரன் கேட்டாத்தேன் ஒனக்குப் பூட்டன் ஞாபகம் வருமோ? ஒங்க அப்பத்தா இருந்தப்ப ஒருநா கேட்டிருப்பியா நீயி?'

அப்பத்தாவிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ரேஷன் கார்டு எழுத ஒருத்தர் வந்தார். 'வீட்டுக்காரர் பேரு என்ன பாட்டி?' என்று கேட்க, அப்பத்தா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, 'இவன் பேருதேன்' என்றாள். அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நான் தாத்தா பெயரைத் தாங்கியவன், எங்கள் பக்கம் மூத்த மகனின் மூத்த மகனுக்குத் தாத்தா பெயர்தான். பேரன் என்பதே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று தமிழய்யா வகுப்பில் சொன்னதைப் பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். என் அம்மாவுக்கும் அது மாமனார் பெயராகிவிட்டதால், அவள் சாகும்வரை என்னை ராசா என்று மட்டும்தான் கூப்பிட்டாள். கோபம் வந்தாலும் 'ஏலே ராசா'தான்.

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் வெற்றிலையை மடித்தபடி, 'அப்ப ஒனக்குத் தெரியாம என்ன? ஒம் பேரு ஒந் தாத்தா பேரு. ஒந் தாத்தா பேரு அவரு தாத்தா பேரு. அவருதேன்டா அணைக்கு வந்தவரு' என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. அத்தை நிறுத்தவில்லை. 'எங்கப்பாரு பேரு ஒனக்கு. எங்க தாத்தா பேரு ஒங்கப்பனுக்கு. எங்கம்மா மாமனாரு பேரச் சொல்லக் கூடாதுன்னு தாம் பெத்த பிள்ளையவே பெரியவனே பெரியவனேன்னு கூப்புட்டுச் செத்தா. நீ என்னடான்னா சீமைக்குப் போயி பேரு தெரியலேன்னு நின்னிருக்க.'

அதாவது ஃப்ரிம்லியில் பெரியவர் கேட்ட பெயர் என் சட்டைப் பையில், ஆதார் அட்டையில் இருந்திருக்கிறது. பாஸ்போர்ட்டிலும் இருந்தது, விமான நிலையத்தில் நாலு தடவை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போன பெயர். என் பெயர் ஓட்டன் பெயர், என் அப்பா பெயர் பூட்டன் பெயர், இரண்டே பெயரை வைத்துக்கொண்டு ஏணிப்படி மாதிரி மேலே போய்க்கொண்டே இருக்கலாம். பெரியவரின் ஃபைலிலும் ஜான் மகன் வில்லியம், வில்லியம் மகன் ஜான் என்று ஆறு தலைமுறை போகிறது, ஒரே ஊரில் ஒரே சமயத்தில் மூன்று ஜான்கள் இருந்து எது தன் ஜான் என்று கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது என்று அவர் புலம்பியபோது நான் உச்சுக்கொட்டினேனே தவிர, நம் வீட்டிலும் அதேதானே என்று மண்டையில் ஏறவில்லை. அந்தப் பெயர் என்னவென்று கேட்காதீர்கள், இங்கே எழுதினால் நாளைக்கே யாராவது ஓடிபி கேட்டுப் போன் பண்ணுவான்.

அன்றைக்கு ரெக்கார்டிங் ஒன்றரை மணி நேரம் ஓடியது. ஓட்டனுக்குத் திருமங்கலம் பக்கம். தாது வருஷப் பஞ்சத்தில் மாடு கன்று எல்லாம் போய், மிஞ்சிய குடும்பம். பூட்டன் பிறந்தது எப்போது என்று கேட்டால் அத்தையின் கணக்கு, 'தாது வருசத்துக்கு மூணு வருசம் பிந்தி, அம்புட்டுதேன்'. தாது 1876இல் வந்தது என்றால் 1879, ஒரு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். அணை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓட்டன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நடந்தே வந்திருக்கிறார். பூட்டன் பத்து வயதுப் பையனாகச் சுர்க்கிக் கூடை சுமந்திருக்கிறார். சுண்ணாம்பும் சுட்ட செங்கல் பொடியும் கலந்த சுர்க்கிச் சாந்தில் நிற்கிற அணை அது, சிமெண்டுக் கட்டடம் இல்லை. மழைக்காலத்தில் காட்டில் தங்க முடியாமல் இறங்கிவருவார்களாம், மறுபடி ஏறும்போது போன வருஷம் கூட இருந்தவர்களில் எத்தனை பேர் இல்லை என்று எண்ணுவார்களாம். ஓட்டன் அப்படி ஒரு வருஷம் இறங்கி வரவில்லை. மலைக்காய்ச்சல். 'மேலேயே பொதச்சுட்டு வந்துட்டாக' என்றாள் அத்தை. அந்த அணை தேக்கிய தண்ணீரில்தான் தேக்கடியில் போட் ஓடுகிறது, அதில் போகிறவர்கள் யானை தெரிகிறதா என்று கரையைப் பார்ப்பார்கள், நானும் எத்தனையோ தடவை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

குலசாமி இன்னும் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை ஐயனார்தான். சிவராத்திரிக்குப் போய்ப் பொங்கல் வைக்கிறோம், முகம் தெரியாத பங்காளிகள் வரி கேட்டு நோட்டோடு வருவார்கள். இத்தனை வருஷமும் இருநூறு ரூபாயைக் கொடுத்து ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேனே ஒழிய, அந்த நோட்டில் தலைக்கட்டு வாரியாக யார் யார் பெயர் எழுதியிருக்கிறது, பழைய நோட்டெல்லாம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா. அடுத்த சிவராத்திரிக்குக் கண்ணாடியோடு போகிறேன்.

அத்தையின் சொந்தக் கதை தனி. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியிருக்கிறாள். அங்கே சம்பளக் கணக்குக்குப் 'பேர்' என்றுதான் பெயர். கணக்குப்பிள்ளை செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் குறித்தால் ஒரு நாளைக்கு ஒரு பேர். 'மத்தியானத்தோட காச்ச வந்து படுத்தா அரைப்பேரு. மழைல வேல நின்னா அன்னிக்குப் பேரே கெடையாது. ஒருநா அட்டக்கடி தாங்காம லேட்டாப் போனேன், அரைப்பேரு போட்டுட்டான் பாவி' என்று அறுபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்குப்பிள்ளையை நேற்று நடந்ததுபோலத் திட்டினாள். அந்த அரைப்பேர் அவளுக்கு இன்னும் வர வேண்டிய பாக்கி. செக்ரோல் புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்டேன். தோட்டம் கைமாறியபோது ஆபீசுக்குப் பின்னால் போட்டு எரித்ததைப் பார்த்ததாக அவள் தங்கை மகன் ஒருவன் சொன்னான்.

பெரியவருக்கு எல்லாவற்றையும் மகள் மூலமாக எழுதி அனுப்பினேன். நாலாவது நாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அவர் தன் குடும்பத்துக்குப் போட்டதைப் போலவே எங்களுக்கும் கட்டம் கட்டமாக ஒரு மரம் போட்டிருந்தார், ஒரு பெயர் விட்டு ஒரு பெயர் நீலம், சிவப்பு என்று கலர் வேறு. ஆண்களின் கட்டம் எல்லாம் நிரம்பியிருந்தது. பெண்களின் கட்டத்தில் என் வீட்டுக்காரி, அம்மா, அப்பத்தா வரை பெயர், அதற்கு மேலே இரண்டு கட்டம் காலி. அந்த இரண்டு பெயரும் வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய பழைய பக்கங்களிலும் இந்தத் தொல்லை உண்டாம், இன்னாருடைய மகள் ஞானஸ்நானம் என்று அப்பன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, பெற்றவள் யார் என்று எழுதாத பாதிரியார்கள் நிறையப் பேராம்.

பூட்டி பெயர் அத்தைக்குத் தெரிந்திருந்தது, அவள் பெயரே அதுதான். ஓட்டனின் பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் நெடுநேரம் யோசித்தாள். அவளை அத்தை பார்த்ததில்லை, சொல்லக் கேட்டதுதான். புருஷனை மலையில் புதைத்துவிட்டு மறு வருஷமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வேலைக்கு ஏறிப்போனவள். காதில் பாம்படம் போட்டிருப்பாளாம், சுண்ணாம்பு பட்டுப்பட்டு ரெண்டு கையும் முழங்கைவரை வெளுத்துப்போயிருக்குமாம், அதனால் கூடலூரில் அவளைச் சுண்ணாம்புக்காரி என்றுதான் சொல்வார்களாம். அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். கட்டத்துக்குள் எழுத வேண்டும், சுண்ணாம்புக்காரி என்பது அவர் சொந்தப் பெயரா, குடும்பப் பெயரா என்று பெரியவர் கேட்டிருந்தார். அவர்கள் ஊரில் கூரை வேய்ந்தவனுக்கும் பீப்பாய் செய்தவனுக்கும் தொழிலே குடும்பப் பெயராகிப் பரம்பரையாக வருவதை அவர்தான் காரில் வரும்போது சொன்னார். இரண்டும்தான் என்று எழுதச் சொன்னேன்.